இணையத்தில் வயதுச் சரிபார்ப்பு: குழந்தைகளுக்கான சட்டம், எல்லோருக்குமான சோதனை

சில தளங்களுக்குள் நுழையும்போது "உங்களுக்கு 18 வயது ஆகிவிட்டதா?" என்று ஒரு பெட்டி வரும். "ஆம்" என்று அழுத்தினால் தளம் திறந்துவிடும். பத்து வயதுப் பையன் அழுத்தினாலும் திறக்கும். இத்தனை வருடமாக இணையத்தில் வயதுக் கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இப்போது ஒரு நாட்டைப் பார்த்து இன்னொரு நாடு, "வாயால் சொன்னால் போதாது, நிரூபித்துக் காட்டு" என்று சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. நிரூபிப்பதற்கு எதையெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கிறது, கொடுத்தது எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பிரிட்டன். அங்கே இணையப் பாதுகாப்புச் சட்டம் 2023 அக்டோபரில் நிறைவேறியது. ஆபாசத் தளங்களும், தற்கொலையையும் உணவு மறுப்பையும் தூண்டும் பதிவுகள் வரக்கூடிய சமூக வலைத்தளங்களும் பயனாளரின் வயதை உறுதியாகச் சோதிக்க வேண்டும் என்ற பகுதி 2025 ஜூலை 25 அன்று நடைமுறைக்கு வந்தது. மேற்பார்வை ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பிடம் இருக்கிறது. மீறினால் 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாதவர்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அமெரிக்காவில் 2023 ஜனவரியில் லூசியானா மாநிலம் தொடங்கிவைத்தது. ஆபாசத் தளங்களுக்கு வயதுச் சோதனையைக் கட்டாயமாக்கிய அந்தச் சட்டத்தைப் பார்த்து மற்ற மாநிலங்களும் வரிசையாக இறங்கின. டெக்சஸ் மாநிலச் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூன் 27 அன்று 6-க்கு 3 என்ற கணக்கில் அது செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் கவலை பொய்யானதல்ல. லண்டனில் 2017-ல் 14 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். 2022-ல் விசாரணையை முடித்த மரண விசாரணை அதிகாரி, அவள் இணையத்தில் பார்த்த பதிவுகள் அந்த மரணத்துக்குச் சொற்பமென்று ஒதுக்க முடியாத அளவுக்குப் பங்களித்தன என்று பதிவு செய்தார். அவள் தேடிப் போனவை மட்டுமல்ல, தளத்தின் பரிந்துரை இயந்திரம் தானாகவே அவள் முன்னால் கொண்டுவந்து கொட்டியவையும் அதில் இருந்தன. இதைப் படித்துவிட்டு "இணையம் இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். உள்ளே வருகிறவர்களில் யார் 15 வயதுக்காரர் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், வருகிற எல்லோரையும் நிறுத்திக் கேட்க வேண்டும். நாற்பது வயதுக்காரரும் எழுபது வயதுப் பாட்டியும் தாங்கள் குழந்தை இல்லை என்று காட்டியாக வேண்டும். சட்டத்தின் பெயரில் குழந்தைகள் இருக்கிறார்கள். சோதனை நடப்பதோ பெரியவர்கள் மீது. தனியுரிமைச் சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

சோதனை எப்படி நடக்கிறது?

பிரிட்டனில் இருக்கும் ஒருவர் ரெடிட் என்ற விவாதத் தளத்தில் வயதுக் கட்டுப்பாடு உள்ள ஒரு பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் வருவதற்குப் பதிலாக வயதை உறுதிசெய்யச் சொல்லும் திரை வரும். செல்ஃபி எடுத்து அனுப்பலாம், அல்லது அரசு அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பலாம். அந்தப் படம் ரெடிட்டுக்குப் போவதில்லை; பெர்சோனா என்ற வேறொரு நிறுவனத்துக்குப் போகிறது. ரெடிட் தன்னிடம் சரிபார்ப்பின் முடிவும் பிறந்த தேதியும் மட்டுமே இருக்கும் என்கிறது. படத்தை 7 நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டோம் என்பது பெர்சோனாவின் வாக்குறுதி. நாம் ஒரு தளத்தைப் பார்க்க வந்தோம். இப்போது நம் முகம், பெயரையே கேள்விப்பட்டிராத மூன்றாவது ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அந்த 7 நாள் கணக்கு சரியாக நடக்கிறதா என்று நாம் எட்டிப் பார்க்க வழியில்லை.

அட்டையும் செல்ஃபியும் தவிர வேறு வழிகளையும் ஆஃப்காம் ஏற்றுக்கொள்கிறது. கிரெடிட் கார்டு ஒன்று: பிரிட்டனில் 18 வயது ஆகாமல் கிரெடிட் கார்டு கிடைக்காது, அதனால் கார்டு இருந்தாலே போதும். வங்கிக் கணக்கு வழியாக "இவருக்கு 18 ஆகிவிட்டது" என்று மட்டும் சொல்லச் செய்யலாம். மொபைல் நிறுவனங்கள் அங்கே எண் கொடுக்கும்போதே ஆபாசத் தளங்களைத் தடுத்து வைத்திருக்கும். பெரியவர் என்று காட்டித் தடுப்பை நீக்கிக்கொண்டவரா என்று பார்த்தும் வயதைத் தெரிந்துகொள்ளலாம்.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மின்னஞ்சல் முறை. மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும், முகமும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். கேட்கும்போது இதுதான் இருப்பதிலேயே மென்மையானது என்று தோன்றும். ஆனால் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்த முகவரி இதற்கு முன் எங்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது, வங்கியிலா, மின்கட்டணக் கணக்கிலா, வீட்டுக் கடனிலா என்று பார்த்து ஊகிக்கிறார்கள். அதாவது, உங்கள் முகவரியின் பழைய நடமாட்டத்தை யாரோ ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தால்தான் இந்தச் சோதனையே நடக்கும்.

முகத்தை வைத்து வயதைக் கணிப்பது இப்போது பரவலாகிவருகிறது. இதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். "இவர் யார்" என்று முகத்தை அடையாளம் காண்பது வேறு. "இந்த முகத்துக்கு எத்தனை வயது இருக்கும்" என்று மதிப்பிடுவது வேறு. இரண்டாவதற்குப் பெயர் தேவையில்லை. போனுக்குள்ளேயே கணக்கை முடித்துவிட்டுப் படத்தை வெளியே அனுப்பாமல் இருக்கவும் முடியும். அந்த வகையில் இது அட்டையைப் படமெடுத்து அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

சிக்கல் துல்லியத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2024-ல் இப்படிப்பட்ட 6 மென்பொருள்களைச் சோதித்துப் பார்த்தது. விசாவுக்காக எடுத்த படங்களில், அதுவும் நல்ல வெளிச்சத்தில் நேராக எடுத்த படங்களில், சிறந்த மென்பொருளே சராசரியாக 3.1 வருடம் தவறியது. ஆண் முகங்களைவிடப் பெண் முகங்களில் பிழை அநேகமாக எப்போதும் கூடுதலாக இருந்தது. பிறந்த நாட்டைப் பொறுத்தும் படத்தின் தரத்தைப் பொறுத்தும் பிழை ஏறி இறங்கியது.

மூன்று வருடம் தவறினால் என்ன ஆகும்? 16 வயதுப் பையனை 19 என்று சொல்லி உள்ளே விட்டுவிடும். அதைத் தவிர்க்க, எல்லையை 18-லேயே வைக்காமல் மேலே தள்ளி, உதாரணமாக 25 போலத் தெரிகிறவர்களை மட்டும் உள்ளே விடுவார்கள். அப்போது உண்மையிலேயே 20, 22 வயதானவர்கள் வெளியே நிறுத்தப்படுவார்கள். அவர்களிடம் "சரி, அட்டையைக் காட்டு" என்பார்கள். இளமையாகத் தெரிகிற முப்பது வயதுப் பெண்ணுக்கும் அதே கதிதான். முக மதிப்பீடு வந்துவிட்டால் அடையாள அட்டை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது வரிசையைப் பற்றிப் பேசுவதில்லை.

எதையும் கேட்காமலே வயதை ஊகிக்கும் முறையும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டிலிருந்து யூடியூப், ஒருவர் என்ன தேடுகிறார், எந்த மாதிரி வீடியோ பார்க்கிறார், கணக்கு எவ்வளவு பழையது என்பதையெல்லாம் செயற்கை நுண்ணறிவால் அலசி, சிறுவராக இருக்கலாம் என்று பட்டால் கட்டுப்பாடுகளைப் போடத் தொடங்கியது. "இல்லை, நான் பெரியவன்" என்று மறுக்க வேண்டுமானால் அட்டை, கிரெடிட் கார்டு அல்லது செல்ஃபி தர வேண்டும்.

கசிவு எங்கே நடக்கிறது?

மேலே சொன்ன "இரண்டாவது வரிசை" எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு டிஸ்கார்ட் விவகாரமே சாட்சி. வீடியோ கேம் ஆடுகிறவர்கள் கூடிப் பேசும் தளம் அது. 2025 அக்டோபரில் அந்த நிறுவனம் ஓர் ஊடுருவலை அறிவித்தது. திருடர்கள் நுழைந்தது டிஸ்கார்டின் சொந்த அமைப்புக்குள் அல்ல. வாடிக்கையாளர் சேவைக்காக அது அமர்த்தியிருந்த வெளி நிறுவனத்தின் வழியாக. சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று டிஸ்கார்டே சொன்னது.

அந்த அட்டைகள் எப்படி அங்கே வந்தன? "என் வயதைத் தவறாகக் கணித்துவிட்டீர்கள்" என்று மேல்முறையீடு செய்தவர்கள் அனுப்பியவை அவை. முன்வாசலில் என்னதான் கவனமாக, முகத்தைப் போனுக்குள்ளேயே பார்த்து முடிக்கும்படி அமைத்திருந்தாலும், இயந்திரம் தவறும் இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து அட்டையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. புகார்கள் வந்து குவியும் மென்பொருளில் அந்தப் படம் ஒரு இணைப்பாகக் கிடக்கிறது. பாதுகாப்பைப் பற்றி யோசிக்கும்போது பெரும்பாலும் யாரும் அந்தப் புகார்ப் பெட்டியை நினைத்துப் பார்ப்பதில்லை.

நம் ஊர் லாட்ஜ் வரவேற்பில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தால் வேலை முடிந்தது. ஜெராக்ஸ் எந்த மேஜை டிராயரில், எத்தனை வருடம் கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது. "கடையில் மது வாங்கும்போது வயதைக் காட்டவில்லையா, அதே மாதிரிதான் இதுவும்" என்று அரசியல்வாதிகள் சொல்வதை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். கடைக்காரர் பார்த்தது அவர் கண்ணோடு போய்விடும். இணையத்தில் பார்ப்பது என்றாலே நகல் எடுப்பதுதான்.

வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்கிறார்கள். டெக்சஸ் சட்டம் அடையாள விவரங்களைச் சேமிப்பதைத் தடை செய்கிறது. ஆஸ்திரேலியச் சட்டம், வயதுச் சோதனைக்காக வாங்கிய தகவலை வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்கிறது. அரசு அடையாள அட்டைதான் ஒரே வழி என்று பயனாளரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது என்கிறது. இரண்டும் நல்ல விதிகள். ஆனால் அழித்தார்களா என்பது கசிவு வந்த பிறகுதான் தெரிகிறது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் பெண்களுக்காக நடத்தப்படும் டீ என்ற செயலியில் 72,000 படங்கள் வெளியாயின. அவற்றில் சுமார் 13,000 படங்கள், தாங்கள் பெண்கள்தான் என்று காட்டுவதற்காக அனுப்பிய செல்ஃபிகளும் அடையாள அட்டைகளும். சரிபார்த்ததும் அழித்துவிடுவோம் என்று சொல்லி வாங்கிய படங்கள் அவை.

கசிவே நடக்காவிட்டாலும் ஒரு நட்டம் உண்டு. தன் பெயரோ முகமோ எங்காவது பதிவாகும் என்று தெரிந்தால் மனிதர்கள் கேட்க நினைத்ததைக் கேட்காமல் போய்விடுகிறார்கள். குடியை விட முயல்கிறவர், கணவனின் அடியிலிருந்து தப்பிக்க வழி தேடும் பெண், தன் பாலினம் பற்றிக் குழம்பி நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் பெயர் தெரியாமல் பேசக் கிடைத்த இடம் இணையம்தான். பிரிட்டனில் சட்டம் வந்த முதல் வாரங்களிலேயே, ஆபாசத்துக்குச் சம்பந்தமில்லாத காசா, உக்ரைன் போர்ப் பதிவுகள் சிலவும் வயதுச் சுவருக்குப் பின்னால் போயின. அபராதத்துக்குப் பயந்த நிறுவனம் சந்தேகமானதையெல்லாம் மறைத்துவைக்கும். அதற்கு அதுதான் லாபம்.

யார் தப்பிக்கிறார்கள்?

ஜூலை 25 அன்று பிரிட்டனில் இருந்து ஒரு மணி நேரத்தில் தங்களிடம் பதிவு செய்கிறவர்களின் எண்ணிக்கை 1,400 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது என்று புரோட்டான் என்ற வி.பி.என் நிறுவனம் அறிவித்தது. வி.பி.என் போட்டால் நாம் வேறு நாட்டில் இருப்பதுபோலத் தளத்துக்குத் தெரியும். அந்த நாட்டில் சட்டம் இல்லை என்றால் சோதனையும் இல்லை. முகச் சோதனையை ஏமாற்ற ஒரு வீடியோ கேமில் வரும் கதாபாத்திரத்தின் முகத்தைக் கேமராவுக்குக் காட்டி உள்ளே போனவர்கள் பற்றியும் செய்திகள் வந்தன.

விளைவைப் பாருங்கள்: தொழில்நுட்பம் தெரிந்த பதினைந்து வயதுப் பிள்ளை சுற்றிவளைத்துப் போய்விடுகிறது, சட்டத்தை மதித்து நிற்கும் பெரியவர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எல்லாப் பிள்ளைகளும் தப்பிப்பதில்லை என்பதும் உண்மை. தற்செயலாகப் போய் விழுகிற பத்து வயதுக் குழந்தையை இந்தச் சுவர் தடுக்கத்தான் செய்யும், அது பெரிய பலன். ஆனால் இலவச வி.பி.என் என்ற பெயரில் கண்ட செயலியையும் இறக்கிவைக்கும் பிள்ளைகளுக்கு வேறொரு ஆபத்து தொடங்குகிறது. அந்தச் செயலி வழியாகத்தான் அதன்பின் அவர்களுடைய இணையப் போக்குவரத்து முழுவதும் போகும்.

வயதை மட்டும் சொல்ல முடியாதா?

முடியும். இந்த விவாதத்திலேயே எனக்கு நம்பிக்கை தருவது இந்தப் பகுதிதான்.

தளத்துக்குத் தேவைப்படும் பதில் ஒரே ஒரு சொல்: "ஆம்" அல்லது "இல்லை". பெயர், பிறந்த தேதி, முகவரி, அட்டை எண் எதுவுமே அதற்கு வேண்டாம். பிரான்சில் இதற்கு "இரட்டை அநாமதேயம்" என்று ஒரு நெறியே வகுத்திருக்கிறார்கள். வயதுக்குச் சான்று கொடுக்கும் அமைப்புக்கு, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியக் கூடாது. தளத்துக்கு, நீங்கள் யார் என்று தெரியக் கூடாது. நடுவில் போவது ஒரு சான்று மட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் இப்படிப்பட்ட ஒரு செயலியின் மாதிரியை வெளியிட்டு, டென்மார்க், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் முதலில் முயன்று பார்ப்பதாக அறிவித்தது. ஒருமுறை உங்கள் அடையாளத்தைக் காட்டிச் செயலிக்குள் "18-க்கு மேல்" என்ற சான்றை வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். பிறகு தளம் கேட்கும்போது போன் அந்தச் சான்றை மட்டும் காட்டும். ஒவ்வொரு சான்றும் ஒருமுறைதான் செல்லும் என்று அமைத்தால், இரண்டு தளங்கள் கூடிப் பேசினாலும் இருவரிடமும் வந்தது ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க முடியாது. இதற்கும் ஒரு படி மேலே பூஜ்ய அறிவுச் சான்று என்ற கணித முறை இருக்கிறது. அதில், பிறந்த தேதியைத் துளியும் வெளிக்காட்டாமல் "இந்தத் தேதி 18 வருடத்துக்கு முந்தையதுதான்" என்பதை மட்டும் தளம் நம்பும்படி நிரூபிக்க முடிகிறது.

ஓட்டைகள் இதிலும் உண்டு. ஸ்மார்ட்போன் இல்லாதவரும், பாஸ்போர்ட் இல்லாத அகதியும், வீட்டில் ஒரே போனைப் பகிர்ந்துகொள்கிறவர்களும் வெளியே நிற்பார்கள். இன்று வயதுக்காகக் கட்டும் வாசலில் நாளைக்கு வேறு கேள்விகளும் கேட்கத் தோன்றும் என்ற அச்சத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். இருந்தாலும், சட்டம் போட்டே தீருவோம் என்று ஒரு அரசு முடிவெடுத்தால், இந்த மாதிரி முறையை முதலில் தயார் செய்துவிட்டுப் பிறகு கட்டாயப்படுத்துவதுதான் நியாயம். பிரிட்டனும் அமெரிக்க மாநிலங்களும் கட்டாயத்தை முதலில் கொண்டுவந்துவிட்டு, முறையைச் சந்தையின் கையில் விட்டுவிட்டன. டிஸ்கார்டில் அட்டை பறிகொடுத்தவர்கள் அந்த அவசரத்துக்கு விலை கொடுத்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

இந்தியாவில் என்ன?

இதை வெளிநாட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2023-ல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளும் முன் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்க்கத்தக்க முறையில் வாங்க வேண்டும் என்கிறது. சிறுவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. இந்தக் கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிமுறைகள் 2025 நவம்பரில் அரசிதழில் வந்தன. ஒப்புதல் தருகிறவர் உண்மையிலேயே பெரியவர்தானா என்று பார்க்க, நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் விவரங்களையோ டிஜிலாக்கர் (அரசின் மின்னணு ஆவணப் பெட்டகம்) போன்ற சேவை வழியாக வரும் டோக்கனையோ, அதாவது சரிபார்த்தாயிற்று என்று காட்டும் மின்னணுச் சீட்டையோ பயன்படுத்தலாம் என்று அவை சொல்கின்றன.

டோக்கன் என்ற அந்தச் சொல் முக்கியமானது. அது "ஆம், பெரியவர்" என்று மட்டும் சொல்லுமா, அல்லது யார் எந்தச் செயலிக்கு ஒப்புதல் கொடுத்தார் என்ற பட்டியல் ஓரிடத்தில் சேருமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாடு இது. அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் உறவினர்களுக்கு இன்றே இந்தச் சோதனை வரும். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தால், போனுக்குள்ளேயே முடிகிற முக மதிப்பீட்டையோ வங்கி வழியாக வரும் "ஆம்" என்ற பதிலையோ தேர்ந்தெடுங்கள். அட்டையைப் படமெடுத்து அனுப்புவது கடைசி வழியாக இருக்கட்டும். சோதிக்கும் நிறுவனத்தின் பெயரைத் திரையில் தேடிப் பார்த்து, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற வரியைப் படியுங்கள். மேல்முறையீட்டுக்கு அட்டை அனுப்ப நேர்ந்தால், வயதுக்குத் தேவையில்லாத எண்களை மறைத்துவிட்டு ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். "வயதை உறுதிசெய்யுங்கள்" என்று மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ இணைப்பு வந்தால் அழுத்தாதீர்கள். தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள், ஏனென்றால் இந்தப் பெயரில் அட்டைப் படங்களைக் கறப்பது மோசடிக்காரர்களுக்கு மிக எளிது.

இந்தியாவில் இருப்பவர்களிடம் யாராவது ஆதார் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். பெற்றோர் ஒப்புதல் தொடர்பான விதிகள் நடைமுறைக்கு வர, 2025 நவம்பரில் அவை வெளியானபோது அரசு கொடுத்த அவகாசம் 18 மாதம். அதற்குள் எந்தச் செயலி எந்த முறையைத் தேர்ந்தெடுக்கப்போகிறது என்று பிள்ளைகளின் பள்ளிச் செயலியிலிருந்தே கேட்கத் தொடங்கலாம்.